பூட்டு மாற்றுகிறவளின் பரங்கி

கத்தி மூன்று விரற்கடை இறங்கி
அங்கேயே நின்றுவிட்டது.
இழுத்தால் பரங்கியும் சேர்ந்து வருகிறது.

தொலூக்காவில் நான் திறக்காத கதவு கிடையாது.
மருந்துக்கடை ஷட்டர், பாதிரியாரின் பணப்பெட்டி,
குளியலறையில் மாட்டிக்கொண்ட நகராட்சி அதிகாரி வரை.
அக்டோபர் முப்பத்தொன்று காலை
ஒன்பது கிலோ காயிடம் தோற்று நிற்கிறேன்.

காஸ்தீயா பரங்கி, கெட்டியானது, பார்த்து
என்றுதான் சொல்லி விற்றாள் சந்தையில் ஹெர்மெலிந்தா.
காஸ்தீயாவை இது கண்டதேயில்லை.
சோளக்கொல்லையில், அவரைக்கொடியின் காலடியில்,
இந்த மண்ணிலேயே புரண்டு பருத்தது.
கடல் கடந்து வந்த எவனுடைய ஊர்ப்பெயரையோ
ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

கடையிலிருந்து துளைபோடும் மெஷினை எடுத்து வந்தேன்.
வெட்கமாக இருந்தது. திருப்பி வைத்தேன்.
கத்தியை எப்படியோ உருவிவிட்டு
மூன்றாம் மாடிப் படிக்கட்டில் நின்று
முற்றம் காலியா என்று இரண்டு முறை பார்த்து
கைவிட்டேன்.

தெருநாய்கள் எல்லாம் குரைத்தன.
கீழ்வீட்டு எவ்லாலியா கதவைத் திறந்து
"இன்னொரு சாவா?" என்றாள்.
நான்காகப் பிளந்து கிடந்ததில்
பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்,
பயமுறுத்தியதற்கு அபராதமாம்.
"சுண்ணாம்புத் தண்ணீரில் போடு.
இல்லாவிட்டால் கூழாகிவிடும். அவனுக்குக் கூழ் ஆகாது."

அவனுக்கு.
முழுப் பூசணியைச் சோற்றில் மறைத்துக்கொண்டுதான்
ஏழு மாதமாக இந்தப் படிகளில்
ஏறி இறங்கியிருக்கிறேன் போல.

சுண்ணாம்பில் இரண்டு மணி நேரம்.
வெளியே இறுகுகிறது. உள்சதைக்குச் சேதி போவதில்லை.
மூன்று முறை கழுவியும் கையில் வழுவழுப்பு.

பானையின் அடியில் கரும்புத் துண்டுகள், பிடிக்காமலிருக்க.
வெல்லக் கூம்புகள் நாலு, பட்டறைச் சுத்தியலால் உடைத்தது.
ஆரஞ்சுத் தோல், கொய்யா, ஒரு கைப்பிடி தெஹோகோத்தே,
பட்டை. கிராம்பு.
கிராம்பு வாசம் பல் வைத்தியரின் நாற்காலி என்பான்.
மூன்று போட்டேன். யோசித்து ஏழாக்கினேன்.
சண்டை போடவாவது வரட்டும்.

மார்ச்சில் பூட்டை மாற்றினேன்.
எனக்கு அது பதினோரு நிமிட வேலை.
லதிஸ்லாவோ வெளியே நின்று பழைய சாவியைத்
திருகித் திருகிப் பார்த்தது உள்ளே கேட்டது.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
ஜூனில், லெர்மா போகும் சாலையில், மழை, லாரி.
ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுத் தந்தார்கள்:
பெல்ட், சீப்பு, சில்லறை, அந்தச் சாவி.
எதையும் திறக்காத ஒன்றை
எதற்குச் சட்டைப்பையில் வைத்திருந்தான்?

பாகு கொதிக்கிறது.
சின்னக் குமிழி பெரிய குமிழியாகும்வரை
அள்ளி அள்ளி மேலே ஊற்ற வேண்டும்.
சன்னலில் எரிமலையின் வெள்ளைத் தலை மங்கி
மாலையாகிவிட்டது.
பரங்கி ஆரஞ்சை விட்டுச் செம்புக்கு வந்து
இப்போது பழைய கதவுக் கைப்பிடியின் நிறம்.

செண்டுமல்லியைப் பிய்த்துப் படியெல்லாம் போடும்போதுதான்
ஞாபகம் வந்தது:
விபத்தில் போனவர்கள் இருபத்தெட்டாம் தேதியே
வந்துவிடுவார்கள் என்பார்கள்.
அப்படியானால் மூன்று நாளாக
இந்தப் படியிலா உட்கார்ந்திருக்கிறான்?
காலையில் நான் போட்டது
அவன் காதோரமாகவா போனது?

புதுச் சாவியைக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தேன்,
மெழுகுவத்திக்கும் அவன் படத்துக்கும் நடுவே.
பிறகு சிரிப்பு வந்தது.
வெளியே நிற்பவனுக்கு உள்ளே இருக்கும் சாவியால் என்ன பயன்,
இதுகூடத் தெரியாமல் என்ன தொழில்!

நாலு திருகாணி.
பூட்டை மொத்தமாகக் கழற்றிவிட்டேன்.
கதவில் எலுமிச்சை அளவுக்கு ஓர் ஓட்டை.
அதன் வழியே குளிர் வந்தது,
வெல்ல வாசனை படியிறங்கிப் போனது,
ஒவ்வொரு மாடியாக.

கீழேயிருந்து எவ்லாலியா கத்தினாள்:
"கிராம்பு ஜாஸ்தி!"